தகரக் கூரைக்குக் கீழே நல்ல ஒலிப்பதிவு

2 மார்ச் 2024, கேள்வி

இங்கே மலேசியாவில், சிலிம் ரிவரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: “அண்ணா, போனஸ் பணத்தில் ஆம்ப்ளிபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். சின்ன வயதில் உயிராக நினைத்த பாட்டெல்லாம் இதில் கேட்டால் பால் வாளியைத் தட்டுவது போல் இருக்கிறது. ஸ்பீக்கர் கெட்டதா, பாட்டு கெட்டதா? நல்ல ஒலிப்பதிவு உள்ள ஆல்பம் பத்து சொல்லுங்கள்.”

2 மார்ச், இரவு

முதலில் உன்னிடம் இருக்கும் பிரதியைச் சந்தேகப்படு, தம்பி.

எனக்கும் இதே நடந்தது. சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு காலத்தில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு வட்டு விற்பார்கள். ஒரே வட்டில் 150 பாட்டு. ஒரு பாட்டு மூன்று காசு என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பாட்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியை நினைத்துப் பார்க்கவில்லை. இசைத்தட்டிலிருந்து யாரோ ஒரு கடைக்காரர் காசெட்டில் பதிந்திருப்பார். காசெட் பத்து வருடம் லாரியில் ஓடித் தேய்ந்திருக்கும். அதைக் கணினியில் ஏற்றி, கோப்பைச் சின்னதாக்க நொடிக்கு 128 கிலோபிட்டாக நசுக்கி, வட்டில் அடைத்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

அப்பாவின் ரேடியோப் பெட்டியில் ஒரே ஒரு ஸ்பீக்கர். அது எந்தக் குற்றத்தையும் காட்டிக் கொடுக்காது. நீ இப்போது வாங்கியிருப்பது காட்டிக் கொடுக்கும் சாதி.

பத்து ஆல்பம் சொல்ல மாட்டேன். தமிழ்ப் படப் பாட்டு ஒன்றுகூட நல்ல பதிவு கிடையாது. அந்தப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதே.

3 மார்ச்

மனது கேட்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்து, மூன்று மட்டும் எழுதுகிறேன். செம்பனை (பாமாயில்) ஆலையில் 22 வருடமாக வயர்மேன் வேலை. எட்டு மணி நேரம் கொதிகலன் பக்கத்தில் நின்ற காதால் சொல்வது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

ஒன்று, ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் பதிந்தது. ட்ரம்பெட்டைச் சுற்றிக் காற்று இருக்கிறது. அந்தக் கூடத்தின் உயரம் காதில் தெரிகிறது.

இரண்டு, ‘ஜாஸ் அட் த பான்ஷாப்’, அதாவது அடகுக்கடையில் ஜாஸ். 1976 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் ஸ்டாம்பன் என்ற சிறிய கேளிக்கைக் கூடத்தில் பதிந்தது. ஸ்பீக்கர் விற்பவர்கள் எல்லோரும் இதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். என் வீட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் வாசல் படிக்கு வெளியே உட்கார்ந்திருப்பது போல் கேட்கிறது. என்ன பெருமையோ!

மூன்று, ‘எ மீட்டிங் பை த ரிவர்’, 1993. ரை கூடரின் கிதாரும் விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் (கிதாரை மாற்றிச் செய்த வாத்தியம்). கிராமி விருது வாங்கியது. உலகமே புகழ்கிறது, எனக்கு ஏமாற்றம். தபலாவின் இடது பக்கத்துக்கு உடம்பே இல்லை. கிதார் அறை முழுவதும் புகையாகப் பரவி நிற்கிறதே தவிர, ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. காசு கொடுத்து வாங்காதே.

ஒன்று மறந்துவிட்டேன்: எதை வாங்கினாலும் 24 பிட்டில் வாங்கு (ஓசையின் அளவை எவ்வளவு நுணுக்கமாக எண்ணில் குறித்திருக்கிறது என்பதே பிட் கணக்கு). 16 பிட் சிடி பழங்கதை.

9 மார்ச்

ஈப்போ அண்ணன் ஒருவர் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். “வயர்மேன் ஐயா, உங்கள் கூடத்தில் காற்றாடி ஓடும்போது சத்தம் எத்தனை டெசிபெல்? அளந்ததுண்டா?”

அளந்தேன். கைப்பேசிச் செயலியில்தான். இரவு பதினொரு மணி, காற்றாடி இரண்டாம் வேகம், வெளியே சில்வண்டு: 42.

அவர் கணக்கு இது. பிட் ஒன்றுக்கு ஆறு டெசிபெல் என்று வைத்தால், 16 பிட்டுக்கு 96. மிக மெல்லிய ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் நடுவே சிடி அவ்வளவு இடம் தருகிறது. என் கூடத்தில் 42க்குக் கீழே எதுவும் கேட்காது. அதற்கு மேல் 96 வைத்தால் 138. அந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்டால் காதும் போகும், பக்கத்து வீட்டு உறவும் போகும். இருக்கிற 96ஐயே நான் பயன்படுத்த முடியாதபோது 24 பிட்டை வைத்து என்ன செய்வேன்? பதிவு செய்பவர்களுக்கு அது பெரிய வசதி. கேட்கிற எனக்கு இல்லை.

ஒப்புக்கொள்கிறேன். 3ஆம் தேதி எழுதிய கடைசி வரியை அடித்துவிடு, தம்பி. நல்ல சிடி போதும்.

10 மார்ச்

அடகுக்கடை ஜாஸை மீண்டும் போட்டேன். கண்ணாடிக் குவளைகள் மோதிக்கொள்ளும் ஓசை அற்புதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான், அற்புதம். நம் சந்தியில் இருக்கும் காப்பிக் கடையில் தினமும் இலவசமாகக் கேட்கிறேன்.

24 மார்ச்

சிலிம் ரிவர் தம்பி விடாமல் கேட்கிறான்: “ஒரே ஆல்பம், இரண்டு சிடி. அப்பா 90களில் வாங்கியது ஒன்று, போன வருடம் நான் வாங்கிய மறுபதிப்பு ஒன்று. புதியதுதான் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நாலு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை, தலை வலிக்கிறது. ஏன்?”

இது நல்ல கேள்வி. இரண்டையும் கணினியில் ஏற்றி, ஒலியலையின் படத்தைப் பார்க்கச் சொன்னேன். படம் அனுப்பினான். பழையது நம் பக்கத்துச் சுண்ணாம்பு மலைத் தொடர் மாதிரி: ஏற்றம், இறக்கம், நடுவே பள்ளம். புதியது பங்களாவின் முன்னால் தோட்டக்காரர் வெட்டி விட்ட வேலி மாதிரி, மேலும் கீழும் ஒரே மட்டம்.

நடந்தது என்னவென்றால், உச்சியை எல்லாம் அழுத்திக் கீழே தள்ளிவிட்டு, மொத்தப் பாட்டையும் கூரை வரைக்கும் தூக்கி வைத்திருக்கிறார்கள். கடையில் அடுத்தடுத்துப் போட்டால் சத்தமானதே நல்லதாகத் தோன்றும். மனிதக் காதின் பலவீனம் அது. மிருதங்கத்தின் ‘தீம்’ பாடகியின் குரலைவிட உயர்ந்து எழ வேண்டும். இதில் இரண்டும் ஒரே உயரம். எழுவதற்கு இடம் இல்லாத இடத்தில் அடி எப்படி அடியாகக் கேட்கும்?

மேற்கே இதற்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2008இல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் ஓர் ஆல்பம் இப்படி நசுங்கி வந்தது. அதே பாட்டுகள் ஒரு கணினி விளையாட்டுக்குள் நசுங்காமல் இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். சிடியை விட்டுவிட்டு விளையாட்டிலிருந்து பாட்டை உருவிக் கேட்டார்கள். எனக்கு அந்த இசை ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது, ஆனால் அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

ஆகவே, ‘ரீமாஸ்டர்’ (பழைய பதிவைப் புதிதாக மெருகேற்றியது) என்று அட்டையில் பார்த்ததும் கை நீட்டாதே. சில நேரம் நல்லது செய்திருப்பார்கள். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வையே எடுத்துக்கொள். பதிந்த அன்று நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், பிறகு சரியான வேகத்தில் ஓட்டியபோது இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று பாட்டும் சுருதி ஏறியே முப்பது வருடத்துக்கு மேல் விற்றன. 1990களில் வந்த பதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். என்னிடம் இருப்பது திருத்தாத சிடி. மச்சான் கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். ஒருநாள் கூடவே கட்டையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் பக்கத்துப் பாட்டு கட்டையில் உட்கார்ந்தது. முதல் பக்கத்துப் பாட்டு இரண்டு கட்டைக்கும் நடுவில் நின்று விழித்தது. “வெள்ளைக்காரனும் சுருதி பிசகுவான் போல” என்றார். வாசித்தவர்கள் பிசகவில்லை, மச்சான், இயந்திரம் பிசகியது என்றேன். அவர் நம்பவில்லை. வாசித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்றும் சொன்னேன். அதையும் நம்பவில்லை.

11 ஏப்ரல்

நோன்புப் பெருநாள் விடுமுறை. ஆலை மூடியிருக்கிறது. இரண்டு நாளும் கூடத்தோடு மல்லுக்கட்டினேன்.

ஆல்பத்தைக் குறை சொல்லும் முன் வீட்டைப் பார் என்று ஈப்போ அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீடு தெரிந்ததுதானே: சிமெண்டுத் தரை, பலகைக்கு மேல் தகரக் கூரை, மூன்று பக்கமும் கண்ணாடிப் பட்டை ஜன்னல். நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். ‘டிர்ர்’ என்று பல்லியின் வால் மாதிரி ஓர் ஓசை சுவருக்குச் சுவர் துள்ளியது. எந்த ஆல்பத்தைப் போட்டாலும் அந்த வாலும் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

பெரியம்மா வீட்டில் சும்மா கிடந்த கனமான திரைச்சீலையை வாங்கி வந்து ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் தொங்கவிட்டேன். தரையில் பாய். கை தட்டினேன், வால் அறுந்தது. செலவு இல்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாஸ், அதாவது கீழ் ஓசை, இன்னும் மெலிந்தே இருந்தது. மூலையில்தான் பாஸ் தங்கும், மூலையைச் சரிசெய்தால் எல்லாம் சீராகும் என்று எங்கோ படித்ததை நம்பி, கட்டில் மெத்தையைத் தூக்கி வந்து மூலையில் நிறுத்தினேன். வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு மட்டும் பாய்.

பாஸ் வரவில்லை.

20 ஏப்ரல்

இதை எழுதக் கை கூசுகிறது.

இன்று அப்பாவின் திதி. அவருக்கு நாதசுவரம் என்றால் உயிர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போதே வாயால் தோடி இழுத்துக்கொண்டு போவார் என்று அம்மா சொல்வார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி உள்ள சிடி ஒன்றைச் சில வருடம் முன்பு வாங்கி வைத்திருந்தேன், போட்டதே இல்லை. அவர் மறைந்தது 1956இல். எல்லாம் பழைய 78 சுற்றுத் தட்டிலிருந்து எடுத்தது: கரகரப்பு, மேலே காற்று இல்லை, கீழே பாஸ் இல்லை, ஒற்றைத் தடத்தில் மோனோ. ‘நல்ல பதிவு’ வரிசையில் கடைசி ஆள்கூட இதைச் சேர்க்கமாட்டான்.

படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டு, அதைப் போட்டேன்.

நாதசுவரம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சமிக்ஞை. நடுவில் உட்கார்ந்து கேட்டால் ஓசை இரண்டுக்கும் சரிபாதியில், காற்றில் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். இதுவோ வலக்காதுக்கு வெளியே கொஞ்சம், இடக்காதுக்கு வெளியே கொஞ்சம், பின்மண்டையில் கொஞ்சம். நடுவில் வெற்றிடம். நாதசுவரக்காரர் வீட்டுக்குள் வந்துவிட்டு உட்கார இடம் தேடுவது போல் இருந்தது.

பழைய தட்டின் கோளாறு என்று சொல்ல முடியாது. ஒரே ஓசை இரண்டாகப் பிரிய வழியே இல்லை. கோளாறு இந்தப் பக்கம்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் படுத்தேன். தைப்பூச விடுமுறையில் ஸ்பீக்கர்களை நீளச் சுவருக்கு மாற்றியபோது கம்பி எட்டவில்லை என்று, வீட்டில் கிடந்த இரட்டைக் கம்பியைப் போட்டிருந்தேன். இரண்டு இழையும் கறுப்பு. ஒன்றின் மேல் மட்டும் நகத்தால் தடவினால் தெரிகிற மெல்லிய கோடு. வலது ஸ்பீக்கரில் கோடு போட்ட இழை சிவப்பு முனையில். இடதில் கோடு போட்ட இழை கறுப்பு முனையில்.

தலைகீழ். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்திருக்கிறது. கீழ் ஓசையை ஒன்றுக்கொன்று தின்றுவிட்டன. மூன்று மாதமாக.

ஆலையில் மூன்று கட்ட மோட்டாருக்கு முனை மாற்றிக் கட்டினால் பயிற்சிப் பையன்களைக் கிழித்து எடுக்கிற ஆள் நான்.

இரண்டு நிமிட வேலை. மாற்றிவிட்டு மீண்டும் போட்டேன். தோடி சுவருக்கு முன்னால், நடுவில், தரையிலிருந்து ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்தில் வந்து நின்றது. கரகரப்பு மெல்லிய மழை மாதிரி சுற்றிலும் இருந்தது, ஆனால் அதற்குள்ளே மனிதர் இருந்தார். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “யாருடா வந்திருக்கிறது?” என்றார்.

21 ஏப்ரல்

இப்போது என் கடனை அடைக்க வேண்டும். தலைகீழ் கம்பியில் கேட்டுச் சொன்ன தீர்ப்பு எதுவும் செல்லாது. ஒவ்வொன்றாக மீண்டும் கேட்டேன்.

ஸ்டாக்ஹோம் டிரம்ஸ்காரர் வாசல் படியிலிருந்து உள்ளே வந்துவிட்டார். மேடையில் யார் எங்கே என்று கைகாட்டிச் சொல்லலாம். இசை இன்னும் என்னை இழுக்கவில்லை. அது என் பாடு, பதிவின் குற்றம் இல்லை.

‘எ மீட்டிங் பை த ரிவர்’ பற்றி எழுதியதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பதிவு செய்தவர் பெயர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர். பெயரைப் பார்த்தபோதே காதைக் கூர்மையாக்கியிருக்க வேண்டும். சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயக் கூடம். வாத்தியத்துக்கு ஒரு மைக் என்று கட்டி வைத்து, பிறகு மேசையில் கலந்து கொடுக்கும் வேலை இதில் இல்லை. இதில் இருப்பது, முன்னும் பின்னும் கேட்கும் இரண்டு மைக்குகளைக் குறுக்காக வைக்கும் புளூம்லைன் முறை. ஆலன் புளூம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1931லேயே யோசித்து வைத்தது. யார் எங்கே உட்கார்ந்தார், சுவர் எவ்வளவு தூரம், எல்லாம் இடது வலது சமிக்ஞைகளின் நுட்பமான ஒற்றுமை வேற்றுமையில்தான் ஒளிந்திருக்கிறது. அதைப் போய் ஒரு பக்கம் தலைகீழாக மாட்டிக் கேட்டால் புகையைத் தவிர வேறென்ன கிடைக்கும்? வீணை வாங்கிக் கம்பி இல்லாமல் மீட்டிவிட்டு ஆசாரியைத் திட்டிய கதை.

நேற்று இரவு கேட்டேன். கிதார் இடப்பக்கம், மோகன வீணை வலப்பக்கம், பின்னால் சுக்விந்தர் சிங்கின் தபலா. இடக்கை தொப்பி மீது அழுத்தி நகர்வது வயிற்றில் தெரிகிறது. இரண்டு பேரும் பதிவுக்குச் சற்று முன்புதான் முதல் முறை சந்தித்தார்களாம். ஒருவர் வாசித்து முடிக்கும் கடைசி நொடியில் மற்றவர் மூச்சை இழுப்பது போல ஓர் இடைவெளி வருகிறதே, அதைக் கேள். நான்கே பாட்டு. வாங்கு, தம்பி. அன்று வாங்காதே என்று எழுதியவனை மறந்துவிடு.

மெத்தை கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. திரைச்சீலை இருக்கட்டும், அந்த வால் உண்மையான வால்தான்.

21 ஏப்ரல், மறுபடியும்

தைப்பிங்கிலிருந்து ஒருவர்: “மூன்று மாதம் தலைகீழாகக் கேட்டும் தெரியாதவர் எங்களுக்கு ஆல்பம் சொல்கிறாரா?”

நியாயம். பதில் இல்லை.

24 ஏப்ரல்

நேற்று சித்ரா பௌர்ணமி. கோயிலில் இரவு ரதம் புறப்படும் முன் மேளக்காரர்கள் அரை மணி நேரம் நின்று வாசித்தார்கள். கைப்பேசியில் பதிந்தேன். முதல் தடவை இரண்டு முழ தூரத்தில் நின்று.

வீட்டுக்கு வந்து கேட்டால் சிரிப்பாக இருந்தது. நாதசுவரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியதும், எங்கோ பின்னால் ஐஸ் கேட்டு அழும் பிள்ளையின் குரல் காதுக்குப் பக்கத்தில் எழும்புகிறது. தவில் ஓர் அடி விழுந்ததும் பிள்ளை, கூட்டம், நாதசுவரம் எல்லாமே பயந்து பின்னால் ஓடுகின்றன. மெதுவாகத் திரும்பி வருகின்றன. அடுத்த அடி, மறுபடி ஓட்டம். கைப்பேசி தானாகவே சத்தத்தைச் சமன் செய்துகொள்கிறது. மார்ச் 24இல் வேலி என்று எழுதினேனே, அது உருவாகும் விதத்தை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை வேறு செயலி, அளவைக் கையால் குறைத்து வைத்தேன். கோயில் மதில் ஓரமாகப் பின்வாங்கி, காலணி அடுக்கும் பலகை மீது கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். சன்னமாகத்தான் பதிந்தது. வீட்டில் ஒலியைக் கூட்டிக் கேட்டபோது, தவில் அடி அடியாக விழுந்தது. நாதசுவரம் மண்டபத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. அதில் பாதி நேரம் யாரோ காலணி தேடுகிற ஓசையும் உண்டு. ஸ்டாக்ஹோம் குவளைக்கு நம் ஊர்ப் பதில்.

12 மே

மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் எல்லாவற்றின் பிளக்கையும் உருவிவிடு. சுவிட்சை அணைத்தால் போதாது. இதை வயர்மேனாகச் சொல்கிறேன், நம்பலாம். தகரக் கூரையில் மழை பிடித்த பிறகு எந்த ஆல்பமும் நல்ல பதிவு இல்லை. தேநீர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

2 ஜூன்

சிலிம் ரிவர் தம்பி நேற்று வீட்டுக்கே வந்துவிட்டான். அப்பாவின் பழைய சிடிகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. ஏறக்குறைய எல்லாம் 90களின் தமிழ்ப் படப் பாட்டு. நான் முகம் சுளித்தேன்.

மாலை வரை கேட்டோம். மார்ச் 2இல் எழுதிய இன்னொரு வரியும் போச்சு. ஏ.ஆர். ரகுமானின் அந்தக் காலத்து ஆல்பங்களில் குரல் ஓரிடத்தில் நிற்கிறது, பாஸ் கிட்டார் தனியாக நடக்கிறது, தாள வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் தன் இடம் இருக்கிறது. அட்டையில் சின்ன எழுத்தில் ‘எச். ஸ்ரீதர்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒலிப்பதிவுக்காக நான்கு தடவை தேசிய விருது வாங்கியவர், 2008இல் மறைந்துவிட்டார். என் வீட்டிலேயே இந்தப் பாட்டுகள் இருந்தன, 150இல் ஒன்றாக, மூன்று காசுக்கு. அந்த வட்டில் ஸ்ரீதரின் வேலை எதுவும் மிஞ்சவில்லை. நான் திட்டியது அந்த வட்டை மட்டும்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டும் டின்னில் இருந்தது. 1986. வயலின் கூட்டம் கொஞ்சம் வறட்சியாகக் கேட்கிறது என்று நான் சொல்ல வாய் திறந்தேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

கர்நாடக சங்கீதம் வேண்டும் என்று கேட்டான். ராம்நாட் கிருஷ்ணனின் ‘வித்வான்’ போட்டுக் காட்டினேன், 1968இல் நான்சச் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. பாடகர் அறையில் இருக்கிறார், கத்தவே இல்லை. கஞ்சிரா எது மிருதங்கம் எது என்று தனித்தனியாகத் தெரிகிறது. சபாக் கச்சேரிப் பதிவுகளில் அந்தத் தெளிவு குறைவு. இருமல், நாற்காலி, ஒலிபெருக்கியின் எதிரொலி எல்லாம் சேர்ந்து வரும். இருந்தாலும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் எழுகிற கைதட்டலை ஸ்டூடியோ தராது. இரண்டும் வேண்டும்.

“இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, ஏன் டின்னைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?” என்றான். கிடைக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021லிருந்து ஓசையில் எதுவும் இழக்காத (லாஸ்லெஸ்) கோப்பைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே தருகிறது. ஆனால் எந்த மாஸ்டரிலிருந்து, அதாவது எந்தப் பதிப்பின் மூலத்திலிருந்து, எடுத்தது என்று பெரும்பாலும் சொல்லாது. உன் அப்பாவின் சிடியா, போன வருடத்து வேலியா? கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். பிடித்ததைப் பழைய சிடியாக வாங்குகிறேன். ஈப்போவின் பழம்பொருள் சந்தையில் ஐந்து, பத்து வெள்ளி. கோலாலம்பூர்ப் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தை. வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், அட்டையில் பூசணம் இருக்கிறதா என்று முகர்ந்தும் பார். நம் ஊர் ஈரப்பதத்துக்கு மூக்கே முதல் கருவி.

போகும்போது, தன் ஸ்பீக்கர் கம்பியையும் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்து வந்திருந்தான். பார்த்தேன். சரியாகத்தான் கட்டியிருக்கிறான். தமிழாசிரியர் வேலை பார்க்கும் பையன்.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி அதிகாலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுகிறது. கூம்பு ஒலிபெருக்கி, மின்கம்பத்தில் கட்டியது, பாஸ் என்ற சொல்லே அறியாதது. படுக்கையில் கிடந்து கேட்டேன். அந்தக் கூம்பு வழியாகத்தான் எனக்கு எல்லாப் பாட்டும் முதலில் தெரியும்.

கோயில் தலைவர் அந்தக் கம்பியைக் கொஞ்சம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார். ஏப்ரல் மாதக் கதை அவருக்குத் தெரியாது. யாரும் சொல்ல வேண்டாம்.

3 ஆகஸ்ட்

ராஜரத்தினம் பிள்ளை சிடியை ஜூனில் இரவல் வாங்கிப்போன தம்பி, பள்ளி விடுமுறையில் திருப்பித் தருவதாகச் சொன்னாய். அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். இன்னும் சிலிம் ரிவரிலேயே இருந்தால், பஸ்ஸில் கொடுத்து அனுப்பிவிடு. நான் சந்தியில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.